பட்ட காலிலே படும்

1991 ஏப்ரல் 11. பூமியை விட்டுக் கிளம்பி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த கலிலியோ விண்கலத்துக்குக் கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டளை போனது: குடையை விரி.

குடை என்றது அதன் பெரிய ஆன்டெனாவை. விட்டம் 4.8 மீட்டர். பதினெட்டுக் கம்பிகள், அவற்றுக்கிடையே தங்க முலாம் பூசிய மெல்லிய வலை. வியாழனை அடைந்தபின் விநாடிக்குச் சுமார் 1,34,000 பிட் வேகத்தில் படங்களையும் அளவீடுகளையும் அனுப்ப வேண்டிய உறுப்பு அது. வழியில் வெள்ளிக் கோளின் பக்கமாகப் போக வேண்டியிருந்ததால், வெயிலுக்கு அஞ்சி அதுவரை மடக்கியே வைத்திருந்தார்கள். மோட்டார்கள் ஓடத் தொடங்கின, திணறின, நின்றன. சில கம்பிகள் நடுத்தண்டை விட்டு வர மறுத்தன. குடை கோணலாகப் பாதி விரிந்து அப்படியே நின்றுவிட்டது.

பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. விண்கலத்தைச் சூரியனை நோக்கித் திருப்பிச் சூடாக்கினார்கள். எதிர்ப்பக்கம் திருப்பிக் குளிர்வித்தார்கள். உலோகம் விரிந்து சுருங்கினால் பிடி தளராதா என்ற ஆசை. இறுகிப்போன தாழ்ப்பாளைத் தட்டித் தட்டித் திறப்பதுபோல, மோட்டாரை விட்டுவிட்டு 13,000 தடவைக்கு மேல் தட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை.

காரணத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அமெரிக்காவின் நெடுஞ்சாலை.

மடக்கிய கம்பிகளை நடுத்தண்டோடு பிடித்து வைத்திருந்தவை சின்னச் சின்ன டைட்டானிய முளைகள். முளைகள் குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க உலர்ந்த மசகுப் பூச்சு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கலிலியோ முதலில் 1986-இல் விண்வெளி ஓடத்தில் ஏறுவதாக இருந்தது. அதற்காக லாரியில் சுமார் 4,000 கிலோமீட்டர் பயணம் செய்து ஃபுளோரிடாவுக்குப் போனது. அந்த ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் வானில் சிதறியது. எல்லாப் பயணங்களும் நின்றன. கலிலியோ மறுபடி லாரியேறிக் கலிபோர்னியா திரும்பியது. ஏவும் காலம் வந்தபோது மீண்டும் லாரி, மீண்டும் ஃபுளோரிடா. சாலையின் அதிர்வில் முளைகள் குழிக்குள் உரசி உரசி, அந்த மசகுப் பூச்சு தேய்ந்துபோனது.

தேய்ந்தது தரையில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காற்று இருக்கும் இடத்தில் டைட்டானியத்தின் மேல் கண நேரத்தில் ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகி, உலோகம் உலோகத்தை நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். வெற்றிடத்தில் அந்தப் படலம் ஒருமுறை உரசலில் போனால் போனதுதான். அம்மணமான உலோகங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். லாரியின் அதிர்வை மட்டும் கேட்டால் "நான் என்ன செய்தேன்?" என்று சொல்லும். வெற்றிடமும் அதையே சொல்லும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் குடை மாட்டிக்கொண்டது.

பட்ட காலிலே படும் என்று நம் பெரியவர்கள் சொல்வது மனித வாழ்க்கையைப் பற்றி. இயந்திரங்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஒரு தாக்கம் ஏற்படுத்திய காயத்தின் மேல்தான் அடுத்த தாக்கம் வந்து விழுகிறது. வானூர்திக் கருவிகளையும் விண்கலங்களையும் சோதிப்பவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட கதைதான் இந்த அத்தியாயம்.

தனித்தனியாகத் தேறியவை

விமானத்தில் பொருத்தப்போகும் ஒரு மின்னணுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். குளிரறையில் மைனஸ் 55 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள், வேலை செய்கிறது. சூடான அறையில் வைக்கிறார்கள், வேலை செய்கிறது. அதிர்வு மேசையில் இறுக்கி உலுக்குகிறார்கள், காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் வைக்கிறார்கள், ஈரப்பத அறையில் நாள்கணக்கில் ஊற வைக்கிறார்கள். எல்லாவற்றிலும் தேறுகிறது. ஐந்து சான்றிதழ்கள்.

இப்படிப் பிரித்துச் சோதிப்பதில் வசதி உண்டு. ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் அறையில் இருக்கலாம். ஏதாவது பழுதானால் எதனால் பழுதானது என்று உடனே சொல்லிவிடலாம். அமெரிக்கப் படைத்துறை 1962-இல் வெளியிட்ட மில்-ஸ்டாண்டர்ட்-810 என்ற சோதனை நெறி, இன்று உலகம் முழுவதும் தொழிற்சாலைகளில் புழங்கும் பெயர். நம் நாட்டின் முப்படைகளுக்கான மின்னணுக் கருவிகளுக்கு ஜேஎஸ்எஸ் 55555 என்ற நெறி இருக்கிறது. இரண்டிலும் பெரும்பகுதி தனித்தனிச் சோதனைகள்தான்.

வானம் அப்படிப் பிரித்துப் பரிமாறுவதில்லை. விமானம் கிளம்பி ஏறும் இருபது நிமிடத்துக்குள் வெப்பநிலை 80 டிகிரிக்கு மேல் இறங்கலாம். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எஞ்சின் அதிர்வு ஒரு கணமும் விடாது. பெட்டிக்குள் மின்சாரம் ஓடிச் சூடேறிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில்.

சரி, ஒரே நேரத்தில் வந்தால் என்ன? பத்துக் கிலோவைத் தனியாகவும் இருபது கிலோவைத் தனியாகவும் தூக்குபவரால் முப்பதைத் தூக்க முடியாமல் போகலாம், விஷயம் அவ்வளவுதானா? அதோடு முடிந்திருந்தால் கூட்டல் கணக்கிலேயே சமாளித்திருக்கலாம். இங்கே ஒரு தாக்கம் மற்றொன்றின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

ரப்பரும் குளிரும்: நுண்கருவிகளை அதிர்விலிருந்து காக்க ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைப்பார்கள். அறை வெப்பநிலையில் ரப்பர் நெகிழ்ந்து கொடுத்து அதிர்வை விழுங்கிவிடும். மைனஸ் 55 டிகிரியில் ரப்பர்களில் பல வகை மரக்கட்டைபோல இறுகிவிடும். குளிரறையில் உலுக்கல் இல்லாததால் இந்தக் குறை தெரியவில்லை. அதிர்வு மேசையில் குளிர் இல்லாததால் அங்கேயும் தெரியவில்லை. குளிர்ந்த விமானம் ஓடுபாதையில் உறுமும்போதுதான், காவல்காரன் தூங்கிவிட்ட வீடுபோல, அதிர்வு நேராக உள்ளே போகும்.

சால்டரும் சூடும்: மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளைப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர். அதன் உருகுநிலை 183 டிகிரி, அதாவது 456 கெல்வின். நாம் உட்கார்ந்திருக்கும் சாதாரண அறை 298 கெல்வின். அறையிலேயே அது தன் உருகுநிலையில் 65 சதவீதத்தில் இருக்கிறது. இரும்பை அதே விகிதத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் 900 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். கொல்லர் உலையில் செக்கச்செவேலென்று கனலும் நிலை அது. சால்டரைப் பொறுத்தவரை நம் அறையே உலைக்களம்தான். பெட்டி 100 டிகிரிக்குச் சூடானால் சால்டர் இன்னும் இளகி, சுமைக்கு மெல்ல மெல்ல வழியும். அப்போது உலுக்கினால் விரிசல் விழும் வேகமே வேறு.

உயரமும் வோல்ட்டும்: இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் காற்று இருந்தால், தரையில் அது சில ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும். காற்று மெலிய மெலிய அந்தத் தாங்குதிறன் விழுகிறது. ஏறத்தாழ 33 கிலோமீட்டர் உயரத்தில் அதே இடைவெளி 330 வோல்ட்டிலேயே பொறி விடலாம். எலக்ட்ரான் ஓடிவந்து அணுவில் மோதி இன்னோர் எலக்ட்ரானைத் தட்டிவிட, அதற்கு முன்னால் வேகமெடுக்கக் கொஞ்சம் ஓட்டம் தேவை. அடர்ந்த காற்றில் அந்த ஓட்டம் கிடைப்பதில்லை. மெல்லிய காற்றில் கிடைக்கிறது. இன்னும் மேலே போய் வெற்றிடம் ஆகிவிட்டால் மோதுவதற்கே ஆள் இல்லை, ஆபத்து மறைகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷென் 1889-இல் கண்ட விதி இது. தரையிலும் பிழைத்து, விண்வெளியிலும் பிழைக்கும் கருவி நடுவழியில் கருகலாம். இதோடு இன்னொன்று: 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் கால் பங்குதான். வெளியே கடுங்குளிர் என்றாலும், சூட்டை எடுத்துச் செல்லக் காற்று போதாமல் பெட்டியின் உட்புறம் வேகும்.

மூச்சும் ஈரமும்: சென்னையில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி பனித்துப்போகும் அல்லவா? உயரத்தில் மணிக்கணக்கில் குளிர்ந்த பெட்டி கடலோர விமான நிலையத்தில் இறங்கும்போது அதற்கும் அதேதான் நடக்கிறது. கூடவே, ஏறும்போது பெட்டியிலிருந்து வெளியேறிய காற்று இறங்கும்போது ஈரத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. பெட்டி மூச்சு விடுகிறது என்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாய் ஈரம். அடுத்த ஏற்றத்தில் அந்த நீர் உறைந்து 9 சதவீதம் பருத்து, இணைப்புகளைப் பிளக்கப் பார்க்கும். பல நாள் ஈரப்பத அறையில் கிடந்து தேறிய பெட்டியும் இங்கே தோற்கலாம். அந்த அறையில் அழுத்தம் மாறவே இல்லையே.

அடியின் வரிசை

எந்த அடி முதலில் விழுந்தது என்பதும் விளைவை மாற்றும். இதைக் கற்றுக்கொடுத்தது காமெட்.

பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காமெட் 1952 மே மாதம் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது. உலகின் முதல் ஜெட் பயணி விமானம். 1954 ஜனவரி 10 அன்று ஒரு காமெட் எல்பா தீவருகே கடலில் விழுந்து 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே, 21 பேர். இரண்டும் உயரே ஏறும்போது நடுவானில் உடைந்தவை. முதலாவது 1,290 முறையும், இரண்டாவது 900 முறையும் மட்டுமே பறந்திருந்தன.

தயாரிப்பாளர்கள் சோதிக்காமல் விடவில்லை. விமான உடலின் ஒரு பகுதியை ஆயிரக்கணக்கான முறை காற்றடைத்துத் தளர்த்திப் பார்த்திருந்தார்கள். அது சுமார் 16,000 சுற்றுகள் தாங்கியது. அப்படியானால் பறந்த விமானம் ஏன் ஆயிரத்தைச் சுற்றியே உடைந்தது? விடை, சோதனை செய்த வரிசையில் இருந்தது. அதே பகுதியை அதற்கு முன்பு இயல்பைப்போல் இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றி, வலிமையைப் பார்த்திருந்தார்கள். அந்த மிகை அழுத்தத்தில் ஜன்னல் மூலைகளின் உலோகம் கொஞ்சம் இழுபட்டு அங்கேயே நின்றுவிட்டது. அழுத்தம் நீங்கியதும் சுற்றியுள்ள உலோகம் அந்த மூலைகளை நெருக்கிப் பிடித்தது. நெருக்கிப் பிடித்த இடத்தில் விரிசல் எளிதில் வளராது. ஆக, முதல் சோதனை இரண்டாவது சோதனைக்கு மருந்து போட்டுவிட்டது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை.

ஃபார்ன்பரோவிலிருந்த அரசு வானூர்தி ஆய்வகம், ஆர்னால்டு ஹால் தலைமையில் உண்மையைக் கண்டுபிடித்தது. ஏற்கெனவே 1,221 முறை பறந்த ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் மட்டும் தொட்டிக்கு வெளியே நீண்டிருந்தன. உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கிப் பயணியர் அறையின் அழுத்தத்தை உண்டாக்கினார்கள். அதே நேரத்தில் நீரழுத்த ஜாக்கிகள் இறக்கைகளை வளைத்து, பறக்கும்போது வரும் சுமையைக் கொடுத்தன. காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன்? உடைந்தால் காற்று குண்டுபோல வெடித்துச் சான்றுகளைச் சிதறடிக்கும். தண்ணீர் அமுங்காது, வெடிக்கவும் வெடிக்காது. தொட்டிக்குள் மேலும் 1,836 சுற்றுகள் ஆனதும் உடற்கூட்டில் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் கிழித்துக்கொண்டு போனது. அழுத்தத்தையும் இறக்கைச் சுமையையும் சேர்த்துக் கொடுத்த அந்தத் தொட்டி, பின்னால் வந்த எல்லா விமானச் சோதனைகளுக்கும் முன்னோடி.

ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர்

கலிலியோவை லாரியேற்றித் திருப்பி அனுப்பிய சேலஞ்சருக்கு வருவோம். 1986 பிப்ரவரி 11 அன்று விசாரணைக் குழுவின் முன் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஒரு ரப்பர் துண்டைக் கவ்வியில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்தியும் ரப்பர் சில விநாடிகளுக்குப் பழைய வடிவத்துக்கு வரவில்லை. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் அது. ஏவிய காலை வெப்பநிலை 2 டிகிரி. அதற்கு முன் மிகக் குளிரான ஏவுதல் 12 டிகிரியில் நடந்தது. குளிர்தான் கொலைகாரன் என்று உலகம் முடிவு கட்டியது.

டம்ளர் சொன்னது உண்மை. முழு உண்மை அதைவிடப் பெரியது. விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த இணைப்பின் வடிவமைப்பே தவறு என்றது. வெப்பநிலை, பாகங்களின் அளவுகள், பொருளின் தன்மை, மறுபடி பயன்படுத்தியதன் விளைவு, பொருத்திய முறை, அசையும் சுமைக்கு இணைப்பு நடந்துகொண்ட விதம் என்று ஆறு காரணிகளை அது வரிசையாக எழுதியது. குளிர் ஆறில் ஒன்று.

நடந்ததைப் பாருங்கள். பற்றவைத்த முதல் விநாடிக்குள்ளேயே உள்ளழுத்தத்தில் இணைப்பு லேசாக வாய் திறக்கிறது. ரப்பர் உடனே விரிந்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். குளிரில் அது மந்தமாகிவிட்டது, கரும்புகை கசிந்தது. பிறகு புகை நின்றது. எரிபொருளின் அலுமினிய ஆக்சைடு கசடு ஓட்டையை அடைத்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 37-ஆவது விநாடியிலிருந்து, வேகமும் திசையும் சட்டென்று மாறிய பலத்த காற்று ஓடத்தை உலுக்கியது. 59-ஆவது விநாடியில் அதே இடத்தில் தீ தெரிந்தது. 73-ஆவது விநாடியில் ஓடம் சிதறியது. ஏழு உயிர்கள் போயின. குளிர், அழுத்தம், உலுக்கல் மூன்றும் கைகோத்த ஒரு நிமிடச் சம்பவம் அது.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: இந்த மோட்டார்கள் தரையில் படுக்கை வாட்டத்தில்தான் எரித்துச் சோதிக்கப்பட்டன, பறக்கும்போது இருப்பதுபோல நிறுத்தி வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற விதியே இருக்கவில்லை. விபத்துக்குப் பின் இணைப்பைத் திருத்தினார்கள். மூன்றாவது ஓ-ரிங், வாய் திறக்காமல் பிடிக்கும் உதடு, குளிரை விரட்டும் ஹீட்டர். பற்றவைக்கும் அழுத்தத்தையும் வெளிச் சுமையையும் சேர்த்துக் கொடுக்கும் முழு அளவுச் சோதனைகள் நடந்தன. 1988 செப்டம்பரில்தான் ஓடம் மறுபடி பறந்தது.

பெட்டிக்குள் ஒரு வானம்

சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் சேலஞ்சருக்கும் முந்தியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1952-இல் அமைத்த 'ஏக்ரீ' குழு, மின்னணுக் கருவிகளின் நம்பகத்தன்மையை ஆராய்ந்து 1957-இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்த சோதனை முறையில், கருவியை ஓடவிட்டும் நிறுத்தியும், சூடாக்கியும் குளிர்வித்தும், கூடவே அதிர வைத்தும் நீண்ட நேரம் சோதிப்பார்கள். வெப்ப அறையும் அதிர்வு மேசையும் சேர்ந்த கருவிக்கு ஏக்ரீ அறை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதிர்வு மேசை என்பது, கூம்பைக் கழற்றிவிட்ட ஒரு ராட்சத ஒலிபெருக்கி. காந்தத்துக்குள் சுருள், சுருளில் மின்னோட்டம், 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சலாக மேசை துடிக்கும். இதன் தலையில் வெப்ப அறையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சொல்வது எளிது. அறை குளிர்ந்தால் மேசையும் குளிரும். அதன் சுருள் அதைத் தாங்காது. நடுவே வெப்பத் தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பு மென்மையாக இருந்தால் அதிர்வை விழுங்கும். உள்ளே ஈரம் இருந்தால் எல்லாம் பனி மூடும். காற்றையும் உறிஞ்ச வேண்டுமென்றால், துடிக்கும் மேசைக்கும் அசையாத அறைக்கும் நடுவே கசியாத, ஆனால் நெகிழும் சவ்வு வேண்டும். அளக்கும் உணரிகளும் குளிரில் தங்கள் அளவை மாற்றிச் சொல்லும். சோதனைச் சாலையே முதலில் தன் சோதனையில் தேறியாக வேண்டும்.

இதையும் தாண்டிப் போகும் ஒரு முறை உண்டு. 1980-களின் பிற்பகுதியில் பொறியாளர் கிரெக் ஹாப்ஸ் பெயரிட்ட 'ஹால்ட்'. திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி நிமிடத்துக்கு 60 டிகிரி வரை வெப்பநிலையை மாற்றிக்கொண்டே, கருவியை எல்லாத் திசையிலும் உலுக்குவார்கள். பறப்பில் எப்போதும் வராத கொடுமை இது. கருவி தேறுகிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை; எங்கே முதலில் உடைகிறது என்று பார்த்து, அந்த இடத்தைப் பலப்படுத்துவதே நோக்கம்.

முழு விமானத்தையே உள்ளே விட்டுச் சோதிக்கும் கூடமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் குளிரைத் தேடி விமானங்களை அலாஸ்காவுக்குக் கொண்டுபோனார்கள். குளிர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அதனால் வெயில் காயும் ஃபுளோரிடாவில் ஒரு கூடம் கட்டி, 1947-இல் குளிரை அங்கே வரவழைத்தார்கள். மெக்கின்லி காலநிலை ஆய்வகம் என்ற அந்தக் கூடம் இன்றும் ஓடுகிறது. எஃப்-35பி போர் விமானம் 2014-15 குளிர்காலத்தில் அங்கே பனி, மழை, வெயில், காற்று எல்லாவற்றையும் கூரைக்குள்ளேயே சந்தித்தது.

நம் பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரிக்குப் போனால் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். விண்வெளியில் எரிய வேண்டிய எஞ்சினைத் தரையின் காற்றழுத்தத்தில் எரித்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட முடியாது. அங்குள்ள உயர்தள சோதனைக் கூடத்தில், மலையடிவாரத்திலேயே மெல்லிய வானத்தை உண்டாக்கி எஞ்சினைப் பற்றவைக்கிறார்கள். இஸ்ரோவின் சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சின் வெற்றிடத்தில் பற்றிக்கொள்ளுமா என்று 2025 பிப்ரவரியில் பார்த்தது இங்கேதான். கடுங்குளிர் எரிபொருளும் வெற்றிடமும் பொறியும் ஒரே இடத்தில்.

எதை எதோடு?

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்தே சோதித்துவிடலாமே? ஒரு சின்னக் கணக்கு. வெப்பநிலை, ஈரம், அழுத்தம், அதிர்வு, முடுக்கம், உப்புக்காற்று, தூசி என்று ஏழு தாக்கங்களை வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 சோடிகள். மும்மூன்றாக 35. இரண்டும் அதற்கு மேலும் சேரும் எல்லாக் கூட்டணிகளும் 120. வரிசையையும் கணக்கில் எடுத்தால் எண்ணிக்கை எங்கோ போய்விடும். எந்த நாட்டின் பணமும் பொறுமையும் அதற்குப் போதாது.

ஆகவே பறக்கும் நாளைப் பார்த்துச் சோதனையை வெட்டித் தைக்கிறார்கள். பொறியாளர்கள் இதை 'டெய்லரிங்' என்றே சொல்வார்கள். 1983-இல் வந்த மில்-ஸ்டாண்டர்ட்-810-இன் நான்காம் திருத்தம் இதை வற்புறுத்தியது. வெப்பம், ஈரம், அதிர்வு, உயரம் நான்கையும் சேர்க்கும் 520-ஆம் முறையும் அதோடு வந்தது. கருவி பிறந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை எங்கெங்கே போகும், என்னென்ன படும் என்று ஒரு ஜாதகம் எழுதுகிறார்கள். எந்தத் தாக்கங்கள் உண்மையில் ஒரே நேரத்தில் வருமோ அவற்றை மட்டும் சேர்க்கிறார்கள். பாலைவனத் தூசியும் மைனஸ் 55 டிகிரியும் சந்திக்கப்போவதில்லை என்றால் அந்தச் சோடியை விட்டுவிடலாம். ஏவும்போது அதிர்வு, பிறகு வெற்றிடம் என்பது விண்கலத்தின் வழி. சோதனையிலும் உலுக்கிய பிறகே வெப்ப வெற்றிடக் கலத்துக்குள் அனுப்புகிறார்கள்.

தனிச் சோதனைகளைக் கூட்டுச் சோதனைகள் ஓரங்கட்டிவிடவும் இல்லை. சேர்த்துச் சோதித்துப் பெட்டி உடைந்தால், ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்க மறுபடி ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். தனிச் சோதனை காரணத்தைச் சொல்லும். கூட்டுச் சோதனை உண்மையைச் சொல்லும். முதலாவதில் வாங்கிய சான்றிதழ்களைக் கூட்டி இரண்டாவதன் விடையைப் பெற முடியாது.

இன்று அந்த ஜாதகத்தில் கருவி பறக்கும் நேரத்தோடு, அது லாரியில் போகும் நேரமும் கிடங்கில் கிடக்கும் காலமும் எழுதப்படுகின்றன. கலிலியோவுக்கு அது உதவவில்லை. 1995 டிசம்பர் 7 அன்று அது வியாழனை அடைந்தது. சின்ன ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, மென்பொருளில் எத்தனையோ வித்தைகள் செய்தும், விநாடிக்கு 160 பிட் அளவில்தான் பேச முடிந்தது. அப்படியும் திட்டமிட்ட ஆய்வில் சுமார் 70 சதவீதத்தை முடித்தது. 2003 செப்டம்பர் 21 அன்று கட்டளைப்படி வியாழனின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்து எரிந்தது. குடை அப்போதும் பாதிதான் விரிந்திருந்தது.